எனக்கு வந்த கறுப்புப் படம்

லெவோச்சா,
ஈஸ்டர் கழிந்த செவ்வாய்

என் கண்ணே ராத்கா,

இங்கே நானும் கோழிகளும் சுகம், அந்த மழை ஊரில் நீயும் இருமல் தும்மல் இல்லாமல் இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். உன் அண்ணன் மிலோஷ் ரயில் ஓட்டும் பரீட்சையில் தேறிவிட்டான், சித்தி மகள் சிதோனியா நர்சுப் படிப்பில் இரண்டாவது, அவள் தம்பி திபோர் அக்கார்டியன் போட்டியில் கோப்பை வாங்கினான், எல்லாருக்கும் மேலே நீ, லெய்டன் ஆய்வுக்கூடத்தில் காசநோய்க் கிருமியின் மேல்பூச்சை, அந்தச் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த பிசுக்கை, நீயே செய்து, மின்மினி மாதிரி ஒளிரும் ஒரு வால் ஒட்டி, உடம்பின் காவல் செல்கள் எந்தக் கையால் அதைப் பிடிக்கின்றன என்று கண்டுபிடித்திருக்கிறாய். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் பால்கடை வரிசையில் இதைப் பிசகாமல் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று, நீ தபாலில் அனுப்பிய அந்தச் செல் படங்களில் உன் அப்பாவைப் பெற்ற கிசெலாவுக்குப் பச்சைப் பசேலென்று ஒளிரும் படம், எனக்கு மட்டும் ஏன் கன்னங்கரேலென்று ஒன்று? ஞாயிறு பூசை முடிந்ததும் தன் படத்தைச் சட்டம் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். என்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “என்ன சம்பந்தி, உங்க வீட்டுக்கு வர்ற வழியில கரண்ட் போயிடுச்சா?” என்றாள், அதுவும் நான் சுட்ட கசகசா ரொட்டியைத் தின்றுகொண்டே. உன்னை வளர்த்தது நான், வெளிச்சம் அவளுக்கா என்று இரண்டு நாள் எனக்குச் சூப்புகூட இறங்கவில்லை.

இன்று காலை மிலோஷ்தான் என் படத்தின் பின்பக்கம் நீ பொடி எழுத்தில் எழுதியிருந்ததைப் படித்தான். பிடிக்கிற கையை நீக்கிவிட்ட செல்களாம், அதனால் ஒளி ஒட்டவில்லையாம், இது இருட்டாய் வந்ததால்தான் அந்தப் பச்சையை நம்ப முடிகிறதாம். அதற்குக் கீழே, “பாட்டி, நீங்க காத்திருந்தது கறுப்புப் படத்துக்குத்தானே” என்று. பதினொரு வயதில் காசநோயோடு மலை ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு வருஷம், டாக்டர் என் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்து, வெள்ளைத் திட்டு இருந்தால் இன்னும் இரு என்பார், திட்டுப் போய்க் கறுப்பாய் வந்த அன்றுதான் வீட்டுக்கு விட்டார். உன்னிடம் ஒருமுறைதான் சொன்னேன், மறக்கவில்லை நீ. ஆனால் உன் அம்மா கல்யாணத்தில் எனக்கு வந்த அந்த வியாதியை மறைத்துத்தானே சம்பந்தம் பேசினோம், இந்தக் கறுப்பின் மகிமையைக் கிசெலாவிடம் சொல்லிக்காட்டவும் முடியாது. அடுத்த முறை வந்து கேலி செய்தால் இன்னொரு துண்டு ரொட்டி வைப்பேன்.

நீ செய்த பூச்சானாலும் அந்தக் கிருமிக்குச் சொந்தம்தான், கையுறை இல்லாமல் தொடாதே. மாதா உன்னைக் காப்பாள். உன் முகம் தெரிகிற புதுப்படம் ஒன்று தபாலில் போடு. கிசெலாவுக்கும் அனுப்பு, வேண்டாமென்று சொல்லவில்லை, எனக்குப் போட்டு மூன்று நாள் கழித்து.

உன்னை வளர்த்த பாட்டி,
ஹெர்மீனா