ஒற்றை வரித் திரை

இன்று காலை மகன் வீட்டுக்கு எதிர் குவார்ட்டர்ஸ்காரர் செய்தித்தாளோடு வந்தார். அதில் இரண்டு மடிக்கணினிகளின் விளம்பரம். "எது வாங்கலாம் சார்? நீங்கதான் நிதானமா ரெண்டையும் வச்சுப் பாத்துச் சொல்வீங்க" என்றார். பிறகு தாளின் மேல் குனிந்து அவர் பேசியது எதுவும் எனக்கு எட்டவில்லை. சாயங்காலம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு உன் படத்தின் எதிரே உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தொண்டை அறுவையில் உயிர் பிழைத்தாய், குரல் போயிற்று. குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கக் கேட்கப் பேசியவள் நீ. சிலேட்டில் எழுதினால் சாக்பீஸ் தூள், மூச்சுவிடக் கழுத்தில் போட்டிருந்த துளைக்குள் போய் இருமல். தாளில் எழுதினால் தோள்வலி. கல்யாணத்துக்கு முன் தட்டச்சு பழகியவளாயிற்றே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. நிலக்கரி மைன்ஸில் உடன் வேலை பார்த்தவரின் மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்திருந்த கையடக்கக் கம்ப்யூட்டர் ஒன்று. பாண்டிச்சேரிக் கடையில் கெஞ்சி, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தது இன்னொன்று. இரண்டிலும் ஒரே ஒரு வரித் திரை. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துக்கொள்ளலாம்.

பொத்தானின் விறைப்பு, எழுத்தின் கருமை, பேட்டரி என்று நாள்கணக்கில் ஒப்பிட்டேன். தவறானதை வாங்கிவிடுவேனோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. "இதுல அடி, இப்ப அதுல அடி" என்று உன்னை வாட்டினேன். நீ உதட்டை அசைத்து ஏதோ சொன்னாய். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பலாச்சுளை விற்கும் அம்மாள் வாசலுக்கு வந்தார். நீ எழுந்து போய்ச் சத்தமில்லாமல் விலை கேட்டாய். அவர் சிரித்தார். "பாதி வெலைக்கா? யக்கா, தொண்டை போயும் பேரம் போவலியே!" நீ இன்னும் ஏதோ சொல்ல, இருவரும் என்னைப் பார்த்துக் குலுங்கினீர்கள்.

"என்னம்மா சொல்றா?" என்று அவரிடம் கேட்டேன்.

"அக்கா பேசிகினுதானே இருக்காங்க, அவங்களையே கேளுங்க சார்."

நீ உள்ளே வந்து, மடியில் கையை ஊன்றி ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினாய். திரையில் எழுத்துகள் நகர்ந்தன: 'என் மூஞ்சியப் பாருங்க.'

நிமிர்ந்தேன். உன் குரல் இருந்தவரை குனிந்தபடி அதைக் கேட்டே நான் குடித்தனம் நடத்தியிருந்தேன். முகம் பார்த்துப் பேச என்றும் துணிவு வந்ததில்லை. உன் உதடுகள் மெதுவாகச் சொன்னதை அன்றுதான் முதன்முறையாகப் படித்தேன். "ரெண்டும் வேண்டாம்."

இரண்டையும் திருப்பிக் கொடுத்தேன். அதன்பின் நாம் பேசிக்கொண்டது போல் முன்பு பேசியதில்லை. ஆனால் நோய் திரும்பி வந்தது. நமக்குக் கிடைத்தது ஒரு மழைக்காலமும் அதை அடுத்த கோடையும்தான்.

உன் குரல் எப்படி இருந்தது என்று இப்போது எவ்வளவு முயன்றாலும் நினைவுக்கு வருவதில்லை. உதடுகள் மட்டும் வருகின்றன. என் காது போய்க்கொண்டிருப்பது மகனுக்கோ மருமகளுக்கோ தெரியாது. நீ பழக்கிவிட்டபடி அவர்கள் வாயைப் பார்த்தே சமாளிக்கிறேன். அவர்கள் வேறு பக்கம் திரும்பிப் பேசினால் வீடே அணைந்துபோகிறது.

சாயங்காலம் அவர் வருவார், தாளின் மேல் குனிவார். திரையில் நீ அடித்த அந்த ஒற்றை வரியை நான் அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காலையிலிருந்து உதட்டளவில் சொல்லிப் பார்க்கிறேன். சத்தம் வரவில்லை.