டிரபிளின் மறுபாதி

மச்சான்,

குதைபியாவில் நம் வீட்டுப் படிக்கட்டில் இன்று ஆப்பிள் வாங்கிவந்த பை கிழிந்து, பழங்கள் கீழ்த்தளம் வரை உருண்டன. லிஃப்ட் ஓடவில்லை. நசுங்கிய பழத்தின் வாசம் ஏறியதும் உங்கள் குரல் கேட்டது: "புள்ள, ஆப்பிள்ல பார்த்து ஏறு." படிக்கட்டை ஆப்பிள் என்பது கட்டட சைட்டில் உங்கள் லண்டன்கார ஃபோர்மேனிடம் பிடித்த பழக்கம். வந்த புதிதில் அவர் ஆப்பிளில் ஏறி மேலே வரச் சொன்னதற்கு, கடைக்கு ஓடி ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனவர் நீங்கள்.

அந்தக் கதையை, பழம் பொறுக்கிக்கொண்டிருந்த பேத்தியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உம்மம்மா, அது லண்டன் தெருப்பேச்சு. 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்'னா ஸ்டேர்ஸ். பேர்ஸ், ஸ்டேர்ஸ், ஓசை ஒத்துப்போகுதுல்ல? அந்த ஒத்துப்போற பாதியை முழுங்கிட்டு ஆப்பிள்னு மட்டும் சொல்வாங்க. தெருவுல விக்கிறவங்க, போலீசுக்குப் புரியக்கூடாதுன்னு பேசுனதாம்."

"வேற என்ன இருக்கு?"

"நிறைய. 'டிரபிள் அண்ட் ஸ்ட்ரைஃப்'னா வைஃப். சுருக்கமா டிரபிள்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஊரிலிருந்து இந்த வளைகுடாவில் வந்திறங்கிய அன்று அந்த ஃபோர்மேனிடம் என்னைக் காட்டி "மை டிரபிள்" என்றீர்கள். இருவரும் சிரித்தீர்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டேன். தொல்லை என்று அர்த்தமாம். "தொல்லைன்னா எதுக்கு விசா எடுத்தீங்க?" என்று பிடித்துக்கொண்டேன்.

"உனக்குப் பாதிதான் தெரியும் புள்ள."

மீதியைச் சொன்னீர்களா? இல்லை. அதை நான் மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள். என்னை உள்ளே விடவில்லை. மலையாள நர்ஸ் வெளியே வந்து சொன்னாள்: "உம்மா, 'டிரபிள், டிரபிள்'னு சொல்லிட்டே இருக்கார். எங்க வலிக்குதுன்னு கேட்டா கதவைக் காட்டறார். தூங்க மருந்து கொடுத்திருக்கு."

அதன்பின் நீங்கள் கண் திறக்கவில்லை.

கதவைக் காட்டினீர்கள், மச்சான். கதவுக்கு இந்தப் பக்கம் நான்தானே இருந்தேன்! மறுபாதி தெரிந்திருந்தால் அந்தக் கதவை உடைத்துக்கொண்டு வந்திருப்பேன். போலீசுக்குப் புரியக்கூடாத பேச்சு பொண்டாட்டிக்கும் புரியக்கூடாதா? இந்தக் கோபத்தை நான் யார் தலையில் கொட்டுவேன்? உங்களிடம் சண்டை போடக்கூட நீங்கள் இல்லையே.

சாயங்காலம் வாட்ச்மேன் கதவைத் தட்டி, "லிஃப்ட்ல இன்னும் டிரபிள், உம்மா" என்றான்.

"இங்கதான் இருக்கேன் மச்சான்" என்று எழுந்துவிட்டேன்.