கோமதியை முதலில் பார்த்த தேதி

1995 ஜூன் 12, திங்கள்

விசா நேர்காணலுக்கு ஷூ வாங்குவது என்று இன்று காலை முடிவாயிற்று. கூட்டம் எங்கள் வீட்டு முன்னறையில். கலந்துகொண்டவர்கள்: மாமா, அத்தை, அம்மா, நான். முப்பத்திரண்டு வயது வரை செருப்பிலேயே நடந்த கால். கல்லூரியில் வரலாறு நடத்த இதுவரை அதுவே போதும் என்றிருந்தது.

மாமாவின் வாதம்: "செருப்புப் போட்டுட்டுப் போனா, இவன் அங்கனயே தங்கிருவான்னு நினைப்பான் மருமவனே. ஷூ போட்டவன்னா திரும்பி வாறவன்." எதனால் என்று கேட்டேன். "அது அப்படித்தான்" என்றார். அம்மா முதலில் எதிர்ப்பு, பிறகு இணக்கம். நிறம் குறித்து மதியம் வரை. கறுப்பு.

வெளியே மேல்காற்று. கொடியில் கிடந்த வேட்டி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

பின்னணியை எழுதி வைக்கிறேன். பின்னால் படிக்கும்போது எனக்கே நம்பிக்கை வராமல் போகலாம். கோமதி என் மனைவி. மாமாவின் மகளும் அவளே. டாக்டர். போன வருடத்திலிருந்து வெளிநாட்டில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மயக்க மருந்துப் பயிற்சி. பல தடவை பரீட்சை எழுதிக் கிடைத்த இடம். பொங்கலுக்கு வந்து போனாள். இப்போது ஐந்து மாதம். நான் போய்ச் சேர்ந்தால் பிரசவம் அங்கேயே. பிள்ளையை நான் பார்த்துக்கொள்ள, அவள் பயிற்சியை முடிப்பாள். போக முடியாவிட்டால் விட்டுவிட்டு வரவேண்டும். விட்ட இடம் திரும்பக் கிடைக்காது.

ஆக, ஷூவுக்குப் பொறுப்பு அதிகம்.

ஜூன் 14, புதன்

காற்று நிற்கவில்லை. கல்யாண ஆல்பத்தை இறக்கித் துடைத்தோம். திருமணம் உண்மையானது என்று காட்டும் படங்கள் வேண்டுமாம். பார்த்ததில் தெரிந்தவை:

கோமதி எந்தப் படத்திலும் தலை நிமிரவில்லை.
நான் பெரும்பாலும் சமையல்காரரைத் தேடுகிறேன்.
தொட்டுக்கொள்ளும் படம் ஒன்று. கைப்பிடித்தல். கை மேல் பட்டுத்துணி. துணிக்கு வெளியே தெரிவது சுண்டுவிரல்.
நான் சிரிக்கும் படமும் ஒன்று. அதில் அவள் இல்லை. மாமா இருக்கிறார்.

"ஒண்ணுலயாவது சிரிச்சிருக்கலாம்" என்றேன்.

அத்தை: "மணவறையில பல்லைக் காட்டுனா ஊரு என்ன சொல்லும்? ஒங்களுக்கு அவசரம்னா அன்னைக்கே சொல்லிருக்கணும்."

கடிதங்களும் கேட்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் எழுதியவை இல்லை. நான்கு வீடு தள்ளி இருப்பவளுக்கு யார் கடிதம் எழுதுவது? பின்னால் எழுதியவை உண்டு. பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது. அத்தைக்கு முழங்கால் எப்படி. இங்கே குளிர், அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. அந்தக் கதவைப் பற்றி மூன்று கடிதங்களில் எழுதியிருக்கிறாள். அது கதவைப் பற்றியது அல்ல என்று எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் பெயர்த்தால் கதவைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

ஜூன் 19, திங்கள். மெட்ராஸ்

வெயில். ராத்திரி ரயிலில் தூக்கமில்லை. ஷூ வலது குதிகாலைக் கடித்துவிட்டது.

தூதரக வாசலில் வரிசை விடியுமுன்பே. வரிசை எதற்கு என்று கேட்டால், உள்ளே உள்ள வரிசைக்கு. காவலாளி பையை வாங்கி வைத்தார். பேனாவையும். உள்ளே போனதும் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். பேனா கேட்டேன். "கொண்டு வரணும் சார்." வெளியே போய் வாங்கி வரலாம். வந்தால் வரிசையின் கடைசி.

மூன்றாம் ஜன்னலில் ஓர் அம்மாள். நம்மூர் முகம், ஆங்கிலம் மட்டும். "ஒரிஜினல் எங்கே?" கொடுத்தேன். "நகல் எங்கே?" கொடுத்தேன். "இரண்டும் ஏன் ஒன்றாக வைத்திருக்கிறீர்கள்?" பிரித்து வைத்தேன்.

அதிகாரி மதியத்துக்கு மேல். இளைஞர். வெயிலில் சிவந்த மூக்கு. பண்பானவர், ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை. குறை சொல்ல ஏதாவது கிடைத்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். நான் ஆங்கிலத்தில் பேசினேன். அதை அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அவருடையது நன்றாகத்தான் இருந்தது.

நினைவிலிருந்து:

"அங்கே போய் என்ன செய்வீர்கள்?"

"மனைவியோடு இருப்பேன்."

"வேறு?"

"ரசம் வைப்பேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்வேன்."

"உங்கள் சமூகத்தில் மனைவியின் பின்னால் கணவன் போவது வழக்கமா?"

"இல்லை."

குறித்துக்கொண்டார். அவர் மேசையில் நம் வழக்கங்கள் பற்றி ஒரு கையேடு. விரல் வைத்துப் படித்தார். "முதல் பிரசவம் பெண்ணின் தாய்வீட்டில் என்று இருக்கிறதே. அப்படியானால் அவர்தானே இங்கே வரவேண்டும்?" ஆமாம், ஆனால் வந்தால் இடம் போய்விடும் என்றேன். "அது அவருடைய விருப்பம், இல்லையா?"

பிறகு: "உங்கள் மனைவியை முதலில் எப்போது சந்தித்தீர்கள்?"

உண்மையைச் சொன்னேன். அவள் பிறந்த அன்று. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில். எனக்கு நான்கு வயது. மாமா என்னைத் தூக்கிக் காட்டி, "இந்தா, ஒம் பொண்டாட்டி வந்துட்டா பாருலே" என்றார். நான் அழுததாக அம்மா சொல்வாள்.

பேனாவைக் கீழே வைத்தார். "அப்போதே நிச்சயம் செய்துவிட்டார்களா?"

"இல்லை. அது கேலி."

"கேலி."

"ஆமாம்."

"பிறகு அந்தக் கேலியையே மணந்துகொண்டீர்கள்."

மொழிபெயர்ப்பாளர் இதை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்.

ஜூன் 21, புதன்

ஊர். சாரல் காற்று, தூறல் இல்லை. குதிகாலில் பிளாஸ்திரி. மாலை காதர் பாய் பூத்திலிருந்து கோமதிக்குப் போன். மேலப்பாளையத்துக்காரர். கண்ணாடிக் கதவைச் சாத்தினாலும் உள்ளே பேசுவது முழுதும் அவருக்குக் கேட்கும். கேட்பதை மறைக்கவும் மாட்டார்.

"அத்தான், எனக்கும் போன் பண்ணாவ. வார்டுல இருந்தேன். ஒங்க வீட்டுக்காரர முதல்ல எப்பப் பாத்தீங்கன்னு கேட்டாவ."

"என்ன சொன்ன?"

"பெண் பாக்க வந்தீயள்லா, அந்தத் தேதி."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"அத்தான்? நீங்க என்ன சொன்னிய?"

"நீ பிறந்த அன்னைக்குன்னு."

"ஐயோ. அத யாரு கேட்டா? ஆபீஸ்காரன் கேட்டா முறைப்படி உள்ளதத்தான சொல்லணும்?"

அவள் சொன்னதிலும் தவறில்லை. பெண் பார்த்தல் நடந்தது உண்மை. சொந்தத்துக்குள் எதற்கு என்று நான் கேட்டேன். முறைன்னா முறை என்று மாமா விடவில்லை. வாரத்தில் பாதி நாள் சாப்பிட்ட வீட்டுக்குத் தட்டோடு போய், பார்த்தறியாதவன் போல நல்ல நாற்காலியில் உட்கார்ந்தேன். "பயணமெல்லாம் சௌகரியமா?" என்று அத்தை விசாரித்தாள். நான்கு வீட்டுப் பயணம். கோமதி காப்பி கொண்டுவந்து கும்பிட்டாள். முந்தின நாள்தான் கேரம் விளையாட்டில் என் கையைக் கிள்ளியிருந்தாள். "பொண்ண நல்லாப் பாத்துக்கிடும்" என்றார் மாமா. பார்த்தேன். கிள்ளின இடத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காதர் பாய்: "துபாய் விசான்னா நம்ம தம்பிக்கு சட்டுனு வந்துட்டு சார். நீங்க பொண்டாட்டிகிட்டப் போணும்னு கேக்கிய. அதான் சந்தேகப்படுதான்."

ஜூன் 23, வெள்ளி

விளக்கம் சொல்லத் தூதரகத்துக்குப் போன். பதிவு செய்த பெண் குரல்: விசாவுக்கு நட்சத்திரக் குறியை அழுத்தவும். காதர் பாய் போன் சுழற்றுவது. நட்சத்திரம் கிடையாது. காத்திருந்தால் ஆள் வரும் என்றது. இசை வந்தது. பிறகு இசையும் நின்றது.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு வணிகக் கம்பெனிக்காரர்கள் இங்கே வந்து இறங்கியதை நடத்தினேன். ஒரு மாணவி: "அவங்ககிட்ட யாரு சார் பேப்பர் கேட்டா?" பாடத்திட்டத்தில் இல்லை என்றேன்.

ஆசிரியர் அறையில் பொருளாதாரத்துக்காரர்: "பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து திங்கப் போறீரு. குடுத்து வச்சவரு வே!" இதை அந்த அதிகாரி கேட்டிருந்தால் குறித்துக்கொண்டிருப்பார்.

ஜூலை 5, புதன்

தபால் வந்தது. நல்ல தாள். மறுப்பு. காரணங்கள், சுருக்கமாக:

தம்பதியர் முதலில் சந்தித்ததாகச் சொல்லும் தேதிகளுக்கிடையே இருபத்தைந்து வருட வேறுபாடு.
படங்களில் மனைவியிடம் மகிழ்ச்சியின் அறிகுறி இல்லை.
கடிதங்கள் பெரும்பாலும் மளிகைப் பொருள்களும் கதவும் பற்றியவை.
அந்நாட்டில் குடியேறுவதற்காகவே திருமணம் செய்யப்பட்டதல்ல என்பது நிரூபிக்கப்படவில்லை.

கடைசியை இரண்டு முறை படித்தேன். அங்கே போக எனக்கு ஆசையில்லை என்று நிரூபித்தால் போகவிடுவார்கள் என்று அர்த்தமாகிறது. உண்மையில் எனக்கு அந்த ஆசை இல்லை. அவள் இருக்கும் அறைக்குப் போகத்தான் ஆசை. அதற்குத் தனிப் படிவம் கிடையாது.

அம்மா: "என்ன போட்டுருக்கு?"

"நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் முதல்ல எப்பப் பாத்தோம்னு சரியாச் சொல்லலயாம்."

"எங்கிட்டக் கேட்டாச் சொல்லிருப்பேனேலே. நாந்தான கூட்டிட்டுப் போனேன்."

ஜூலை 6, வியாழன்

மாமாவுக்குக் கோபம். வக்கீலிடம் போய் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொண்டுவந்தார். "மேற்படி கோமதிக்கு நான் தகப்பனார். மேற்படி சங்கரனுக்கு நான் தாய்மாமன். இருவரையும் பிறந்த நாள் முதலாக அறிவேன். மேற்படியாரைத் தூக்கி மேற்படியாளைக் காட்டியதும் நானே." முத்திரை, கையெழுத்து, கோபுரம் போட்ட நோட்டரி ஸ்டாம்ப்.

அனுப்ப வேண்டாம் என்றேன்.

"ஏன்?"

"பொண்ணுக்கு அப்பாவும் மாப்பிள்ளைக்கு மாமாவும் ஒரே ஆள்னா அவனுக்கு இன்னும் குழம்பும் மாமா."

"நா ரெண்டு ஆளா எங்க போவேன்?"

அனுப்பினோம். கூடவே பெண் பார்த்த கதையை நான் இரண்டு பக்கத்துக்கு எழுதி, மறுபரிசீலனை கேட்டு. கேரம் பலகையை விட்டுவிட்டேன்.

ஜூலை 18, செவ்வாய்

பதில் இல்லை. மறுபடி போன். இந்த முறை ஆளே வந்தது, மூன்றாம் ஜன்னல் அம்மாள் என்று நினைக்கிறேன். என் கோப்பு "பரிசீலனையில்". எப்போது முடியும்? "பரிசீலனை முடிந்ததும்." பிரசவம் அக்டோபரில் என்றேன். பிறகு தாழ்ந்த குரலில், தமிழில்: "எழுதித்தான் வச்சிருக்கேன் சார். மேல யாரும் பாக்கல." அதற்குள் யாரோ வந்தார்கள் போல. உடனே ஆங்கிலம். நன்றி, வணக்கம்.

ஜூலை 23, ஞாயிறு

கோமதி போன். நின்று நின்று கால் வீக்கம். ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. போன வாரம் அறையில் தலைசுற்றிக் கட்டிலைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். இதைப் போன வாரம் சொல்லவில்லை.

"அத்தான், துணைக்கு ஆள் இல்லன்னா டூட்டி பாக்கக் கூடாதுங்காவ. நான் எழுதிக் குடுத்துட்டு வந்துருதேன்."

"இன்னும் ஒரு மாசம் பாப்போம்."

"ஒரு மாசம் போனா பிளேன்ல ஏத்த மாட்டான்."

கதவு இப்போது சாத்துகிறதா என்று கேட்டேன். "போன வாரந்தான் ரிப்பேர் பண்ணிக் குடுத்தாவ" என்றாள். அழுதாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காதர் பாய் எழுந்து வெளியே போய், கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஆகஸ்ட் 9, புதன்

வந்துவிட்டாள். திருவனந்தபுரத்திலிருந்து வாடகைக் காரில். ஆரல்வாய்மொழியில் காற்று காரையே தள்ளியது. மெலிந்திருக்கிறாள், வயிறு தவிர. பெட்டி நிறையப் புத்தகம். எல்லாம் மயக்க மருந்து. அத்தை அவற்றைப் பரணில் ஏற்றச் சொன்னாள். "கீழயே இருக்கட்டும்மா" என்றாள் கோமதி. கீழேயே இருக்கின்றன.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

வளைகாப்பு. புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர்ச் சாதம். போட்டோக்காரரிடம் மாமா கண்டிப்பாக: "ரெண்டு பேரும் சிரிக்க மாதிரி ஒண்ணு எடும்வே." எடுத்தார். இருவரும் சிரிக்கிறோம். நன்றாகவே வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 28, திங்கள்

மழை வருவது போல இருந்தது. வரவில்லை. காலையில் கோமதி மாங்காய் கேட்டாள். பருவம் இல்லை. ஜங்ஷன் வரை போய் நெல்லிக்காய் வாங்கி வந்தேன்.

தூதரகத்திலிருந்து தபால். அதே நல்ல தாள். மறுபரிசீலனை முடிந்தது. மனைவி பயிற்சியைத் துறந்து கணவரிடம் திரும்பிவிட்டதை ஆஸ்பத்திரி தெரிவித்திருப்பதால், இத்திருமணம் உண்மையானது என்பதில் இனி ஐயமில்லை. மனைவி தற்போது அந்நாட்டில் வசிக்காததால் கணவருக்கு விசா வழங்க முகாந்திரம் இல்லை.

கோமதி படித்தாள். நெல்லிக்காய்க்கு உப்பு கேட்டாள்.

ஷூவை மாமா போட்டுப் பார்த்தார். சரியாக இருக்கிறதாம். எடுத்துக்கொண்டார்.

அவள் இடத்தில் வேறொரு டாக்டர் முதல் தேதி சேர்கிறார்.