மாப்பிள்ளைக்காக அறுத்த உத்தரம்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், வீடுதான் சுகமில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நீ கூப்பிட்டாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், இது அவர் காதில் விழக் கூடாது, அதனால்தான் கடிதம்.

பழைய தானியக் கிடங்கை வீடாக மாற்றும் வேலை முக்கால்வாசி முடிந்தது. மூட்டை அடுக்கிய இடம் ஹால் ஆகிவிட்டது, எடை போட்ட மூலை சமையலறை, மேலே பரண் இருந்த இடத்தில் உங்களுக்கு இரண்டு அறை. சன்னல் வைத்த பிறகு உள்ளே வெளிச்சம் வந்து அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஹாலுக்குக் குறுக்கே சுவருக்குச் சுவர் ஒரு பெரிய உத்தரம் போகுமே, போன தடவை மாப்பிள்ளை நெற்றியை இடித்துக்கொண்டாரே, அதை அப்பா அறுத்து எடுத்துவிட்டார். மூட்டை தூக்குறவன் குனிஞ்சு போனான், என் மாப்பிள்ளை எதுக்குக் குனியணும் என்று ஒரே பிடிவாதம். புராதனக் கட்டடம், ஒரு ஆணியைப் பிடுங்கினாலும் என்னிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று அனுமதி கொடுத்த இன்ஜினியரம்மா படித்துப் படித்துச் சொன்னாள். இவர் அவளிடம் மூச்சு விடவில்லை. தச்சர் தயங்கியதற்கு, வீடு உன்னுதா என்னுதா என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார். அறுத்த முனைகள் தெரியாமல் பிளைவுட் வைத்து மூடி, பெயின்டும் அடித்தாயிற்று.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. மாடி அறைக் கதவின் தாழ்ப்பாள் துளையில் விழவில்லை. மழைக்கு மரம் ஊதியிருக்கு என்று அரத்தை எடுத்துத் துளையைப் பெரிதாக்கினார். அடுத்த வாரம் மறுபடியும் விழவில்லை, மறுபடியும் அரம். பிறகு சுவர் மூலையில் விரிசல், பட்டி பூசினார், பட்டியும் வெடித்தது. துணி காயப்போட ஹாலில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஒரு கொடி கட்டியிருந்தேன். தொய்ந்து கிடந்த கொடி இப்போது துணியே இல்லாமல் விறைத்து நிற்கிறது. சுவர் இரண்டும் விலகுகிறது என்று காட்டினால், நீதான் இறுக்கிக் கட்டியிருப்பே என்கிறார். பயமில்லை என்று காட்ட அந்தச் சுவரோரமே கட்டிலைப் போட்டுப் படுக்கிறார், அவரைத் தனியாக விட மனசில்லாமல் நானும் படுக்கிறேன். காற்றடித்தால் எனக்குத் தூக்கம் போச்சு. நீங்களும் குழந்தையோடு வந்து மேலேதானே படுக்கப் போகிறீர்கள்.

அதனால் இன்று கடைக்குப் போகிற சாக்கில் இன்ஜினியரம்மாவைப் பார்த்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் முகமே மாறிவிட்டது. அந்த உத்தரம்தான் சுவர் ரெண்டையும் இழுத்துப் பிடிச்சிட்டிருந்தது, ரெண்டு பேரும் உடனே வெளியே வந்துடுங்கம்மா, நான் லாரியில ஆளும் முட்டுக் கொடுக்கக் கட்டையும் எடுத்துட்டு வரேன் என்றாள். வேலை நிற்கும், அனுமதியே போனாலும் போகும் என்றும் ஒளிக்காமல் சொன்னாள். போகட்டும். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பாட்டை வெளியே மரத்தடிக்குக் கொண்டுவந்தேன், அவரும் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணசந்துவிட்டார். எழுந்து உள்ளே போய்விடுவாரோ என்று அவர் செருப்பை என் காலடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

இது உன் கைக்கு வருவதற்குள் அவர் கோபமாக உன்னைக் கூப்பிட்டிருப்பார். என்னைத் திட்டினால் கேட்டுக்கொள், எனக்காகப் பரிந்து பேசாதே. டிக்கெட்டை மட்டும் ரத்து செய்துவிடாதே, வீடு இல்லாவிட்டால் என்ன, எங்கேயாவது ஒரு வாடகை இடம் பார்க்கலாம். குழந்தைக்குச் சளி மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. மூவரும் ஆயுசோடு, சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும். லாரிச் சத்தம் கேட்கிறது, இவரும் அசைகிறார். இனி மாதக்கணக்கில் என்னோடு பேசமாட்டார், எனக்குத் தெரியாதா. பேசாமல் இருக்கட்டும், அதற்காவது மனிதர் உயிரோடு இருக்க வேண்டுமே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா