கழுவிக் காயவைத்த பில்டர்

திங்கள், தவக்காலம் மூன்றாம் வாரம்

விடியும்போதே வெயில். காற்று எண்ணூர்ப் பக்கமிருந்து, வாடையோடு.

எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்து யாரும் மீனைத் தொடாமல் போனார்களே, அந்த மார்கழிக்குப் பிறகு இது மூன்றாவது தவக்காலம். என் மனைவி ரெஜினா போய் இரண்டாவது. வருஷத்தின் எண் எனக்குத் தெரியாது. இப்படித்தான் வைத்துக்கொள்வேன்.

எழுத்தும் தெரியாது. போனில் மைக் படத்தை அழுத்திப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. மகள் ஸ்டெல்லா காட்டிக்கொடுத்தாள், வண்டிக்கு ஆயில் மாற்றுகிற நாளைக் குறித்துவைக்க. நம்ம பேச்சில் பேசினால் கண்டபடி எழுதுகிறதாம். அதனால் கோயிலில் வாசகம் படிப்பவர் மாதிரி பேசுகிறேன். அவரவர் பேசியதை மட்டும் அப்படியே.

ஸ்டெல்லாவின் வண்டி அந்த எண்ணெய் வருஷத்தில் வந்தது. நடைபாதையில் மீனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஈ கூட வரவில்லை. வீடு வீடாகப் போகலாம் என்று ஸ்கூட்டர் எடுத்தாள். காசிமேட்டில் ஏலம் எடுத்து, ஐஸ் பெட்டி கட்டி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி புதுநகர் வரை. மருமகன் கண்டெய்னர் லாரியில், வாரம் ஒருமுறை முகம் காட்டுவார். வண்டி நின்றால் அவள் பிழைப்பு நின்றது. அதுவும் கறி தின்னாமல் எல்லாரும் மீன் வாங்குகிற தவக்காலத்து வெள்ளிக்கிழமை.

"நைனா, பெட்டி ஏத்துனா வண்டி உறுமுது."

"ஆயில் மாத்தி எத்தினி நாளாச்சு?"

"கிறிஸ்மஸுக்கு முன்னாடி. சர்வீசுக்கு வுட்டா ஒரு நாள் பூரா வச்சிக்குவான். இந்த வாரம் முடியாது."

"நான் மாத்துறேன்."

"நீயா? கண்ணு தெரியுதா?"

"கைக்குத் தெரியும்."

செவ்வாய்

முட்டி வலி. நடந்தே போனேன். வண்டி சாமான் விற்கிற பாய் கடை.

"இன்னா பெர்சு, லாஞ்சி இஞ்சின் பாத்தவன் ஸ்கூட்டருக்கு எறங்கிட்டியா?"

"ஆயில் பில்டர் குடு பாய். ஸ்டெல்லா வண்டிக்கு."

"சில மாடல்ல வெறும் கம்பி வலைதான் கீது, சிலதுல பேப்பர் பில்டர். உங்களுது எது?"

"பேப்பர்."

மேஜை மேல் மூன்று வைத்தார். ஒன்று நெட்டை, இரண்டு குட்டை. பழையதைக் கொண்டுவந்திருக்க வேண்டும், கொண்டுவரவில்லை. போன முறை மெக்கானிக் கழற்றியபோது பக்கத்தில் நின்றேன். கண்ணை மூடிப் பார்த்தேன். உயரம் என் சுண்டுவிரலில் இரண்டு கணு. நடு ஓட்டையில் கட்டைவிரல் இறுக்கமாக நுழையும். ஒவ்வொன்றாக விரலை விட்டேன். மூன்றாவது சரி.

"ஸ்கேலு தோத்துச்சு போ," என்றார் பாய். சீல் பிரிக்காத டப்பா ஒன்று எடுத்துக் கொடுத்தார். "ஓட்ட கீற பக்கம் இஞ்சினப் பாத்து இருக்கணும். திருப்பிப் போட்டியானா ஆயில் ஓடாது. இஞ்சின் ஜாம்."

"எனக்கே சொல்றியா?"

"அந்தோணியார் வந்து கேட்டாலும் சொல்லுவேன்."

சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஜாம் என்கிற சொல் மட்டும் கூடவே வந்தது.

புதன்

மாலை. புழுக்கம்.

எடுத்து வைத்தது: ஸ்பேனர் இரண்டு. பழைய எண்ணெய்க்கு வாயகன்ற கேன். புது ஆயில். கிழிந்த பனியன். கொஞ்சம் பெட்ரோல். தினத்தாள்.

இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தேன். சூட்டில்தான் ஆயில் முழுசாக இறங்கும். அடி போல்ட்டைத் திறந்ததும் கருப்பாக வந்தது, தார் மாதிரி. பக்கத்து மூடியில் மூன்று போல்ட். உள்ளே ஒரு ஸ்பிரிங், அதற்குப் பின்னால் பில்டர். ரப்பர் வளையம் பழையதை எடுத்துவிட்டுப் புதியது போட்டேன்.

பழைய பில்டரைப் பெட்ரோலில் அலசினேன்.

"அத்த எதுக்குக் கழுவுறே? கடாசு நைனா."

"இருக்கட்டும்."

புது பில்டரையும் நல்ல ஆயிலில் நனைத்துத் தாளில் வைத்தேன். லாஞ்சியில், நான் போன விசைப்படகில், அப்படித்தான் செய்வோம், காய்ந்த பில்டரைப் போடமாட்டோம். அதற்குள் ஐஸ் பெட்டிக்கு ஒரு கை பிடிக்கச் சொன்னாள். தூக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மாட்டினேன், ஓட்டை உள்பக்கம். ஸ்பிரிங், மூடி, ஆயில். ஓடவிட்டுப் பார்த்தேன். சத்தம் நன்றாக இருந்தது. பழையதைச் சுவர் மேல் காயவைத்தேன்.

எதற்குக் காயவைத்தேன் என்று தெரியவில்லை. லாஞ்சிக்காரன் யாரும் பில்டரைத் தூக்கிப் போட்டதில்லை. டீசலில் அலசி வெயிலில் வைத்து, மறுபடி மாட்டுவோம். நாலு முறை, ஐந்து முறை. புதிது கேட்டால் ஓனர் முகம் போகிற போக்கு.

இதை யாரிடமும் சொன்னதில்லை. போனிடம் சொல்கிறேன்.

ஸ்டெல்லா சிறு பிள்ளையாக, கோயிலில் முதல் நன்மை வாங்கிய வருஷம். லாஞ்சியில் ஆறு பேர். இஞ்சினுக்கு நானும் ரெஜினாவின் தம்பியும். பெயர் வாயில் வரவில்லை, மச்சான் என்றே சொல்கிறேன். பழவேற்காட்டுக்கு வெளியே இஞ்சின் நின்றது. பிரித்தால் கழுவிய பில்டரின் காகிதம் கிழிந்து ஆயில் போகிற வழியை அடைத்திருந்தது. ஜாம். மூன்று நாள் அலைந்தோம். வேறொரு லாஞ்சி கயிறு வீசியபோது அதைப் பிடிக்க எங்களில் ஒருவன், மரியதாஸ், எம்பினான். விழுந்தான். கிடைக்கவே இல்லை.

கரையில் ஓனர் கேட்டார், "பில்டர மாட்டுனது யாரு?"

நான் மச்சானைப் பார்த்தேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் என்னைப் பார்த்தான், என் பின்னால் பிள்ளையோடு நின்ற அக்காவைப் பார்த்தான். "நான்தான்" என்றான்.

மாட்டியது நான்.

அதற்குப் பிறகு அவனைக் காசிமேட்டில் யாரும் படகில் ஏற்றவில்லை. மணலி புதுநகர்ப் பக்கம் போய்விட்டான். ரெஜினா தம்பியோடு பேசவே இல்லை. அவள் அடக்கத்தன்று கோயில் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனான்.

வியாழன்

வரிசையாகச் சொல்ல வேண்டும்.

காலை ஏழு மணி இருக்கும், சுவர் மேல் இருந்த பில்டரை எடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனேன். பெட்ரோல் வாடை இல்லை. புது ஆயில் வாடை. வெயிலில் பிடித்தால் காகிதம் மஞ்சள்.

புதியது சுவரில். கழுவினது வண்டியில்.

இரண்டும் நனைந்து பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கை, பழகியதை எடுத்துவிட்டது.

ஸ்டெல்லா கிளம்பிப் போயிருந்தாள், போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஓட்டுகிறபோது எடுக்கமாட்டாள். மறுபடி. மறுபடி. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் இஞ்சின் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் நிற்குமா? பின்னால் வருகிற லாரி நிற்குமா? நாலாவது முறை எடுத்தாள்.

"இன்னா நைனா, சும்மா சும்மா..."

"வண்டிய நிறுத்து. ஓரமா. இஞ்சின ஆஃப் பண்ணு."

"ஐஸ் உருகிகினு கீது, நீ வேற."

"ஸ்டெல்லா, நிறுத்து!"

கத்தியிருக்கிறேன். எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து பார்த்தார்.

திருவொற்றியூர் தாண்டி ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தாள். ஷேர் ஆட்டோவில் போனேன், மடியில் ஸ்பேனர், கேன், பனியன், பில்டர். பெட்டி மேல் ஈரச் சாக்கு போட்டிருந்தாள். டீக்கடைக்காரர் மீன் வாடையென்று முணுமுணுத்தார். கால் கிலோ நெத்திலி கொடுத்து வாயை அடைத்திருந்தாள்.

மூடியைத் திறந்தேன். காகிதம் உப்பி, ஒரு மடிப்பு ஒட்டுவிட்டுத் தொங்கியது. கிழியவில்லை. இன்னும் எவ்வளவு தூரம் தாங்கியிருக்குமோ. ஆயிலைக் கேனில் பிடித்து, பனியனில் வடிகட்டி, புது பில்டர் போட்டு, அதே ஆயிலை ஊற்றினேன். ஓட்டை எந்தப் பக்கம் என்று மூன்று முறை விரலை விட்டுப் பார்த்தேன்.

"பாய் தப்பான பில்டரக் குடுத்துட்டாரா?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

நான் தலையாட்டினேன்.

வேறு எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் பாய்க்குப் போன் போட்டுத் தெருவே கேட்கிற மாதிரி திட்டினாள். "வயசானவரு வந்தா எத்த வேணா தலைல கட்டுவியா பாய்? நடுரோட்டுல செத்திருப்பேன்!"

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போகவில்லை. முட்டி வலி என்று சொன்னேன். முட்டி இல்லை.

மத்தியானம் தொழுகை முடிந்து பாய் வீட்டுக்கே வந்தார். தொப்பியைக்கூட எடுக்கவில்லை. கையில் இன்னொரு டப்பா.

"இந்தாம்மா. இது வேற பெட்டிலருந்து எடுத்தது. என் கையால குடுத்தது சீல் போட்ட டப்பாதான். ஆனா பெர்சு தப்புன்னு சொன்னா தப்புதான். இருவது வருசமா பாக்குறேன், இந்த ஆளு பொய் சொல்றவரு இல்ல."

டப்பாவைத் திண்டு மேல் வைத்துவிட்டுத் திரும்பினார். முதுகைப் பார்த்தேன். அதே முதுகு. மச்சான் அன்றைக்குக் கரையிலிருந்து பையை எடுத்துக்கொண்டு நடந்தானே, அந்த முதுகு.

"பாய், நில்லு. நீ குடுத்தது சரிதான். நான்தான் கழுவினதை மாட்டிட்டேன்."

பாய் என்னைப் பார்த்தார். ஸ்டெல்லாவைப் பார்த்தார். "அடப் பாவி பெர்சு. நேத்து இவகிட்ட வாங்குன திட்டுல எனக்கு நோம்பு தொறக்கவே தொண்டைல எறங்கல."

"மன்னிச்சிக்க பாய்."

"வுடு. டப்பா இருக்கட்டும், அடுத்த வாட்டிக்கு ஆவும். இத்தக் கழுவாத."

போய்விட்டார். அவ்வளவுதான். ஒரு வாய்ச்சொல், அவர் சிரித்துவிட்டுப் போகிறார். இவ்வளவு லேசா இது?

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "ஏன் நைனா நேத்தே சொல்லல? நான் பாய எப்படியெல்லாம் பேசுனேன்."

"பயம்."

"என்னாண்டயா?"

டப்பாவை எடுத்து உள்ளே வைத்தேன். மீன் கழுவப் போனாள். கத்தி சத்தம் மட்டும்.

சனி

மேகம். காற்று கடல் பக்கமிருந்து.

விடியலில் எழுந்து வண்டியைப் பார்த்தேன். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு சரி. கசிவு இல்லை. ஓடவிட்டால் உறுமல் இல்லை. குறித்துக்கொள்ள வேண்டியது: ஆயில் மாற்றியது இந்த வாரம் புதன், பில்டர் வியாழன்.

ஸ்டெல்லா காசிமேட்டிலிருந்து வந்து பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து சரியாகப் பேசவில்லை. நான் சட்டை மாற்றிக்கொண்டு போய் நின்றேன், அடக்கத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை.

"எங்க?"

"உன்கூட. மணலி புதுநகர்."

"அங்க யாரு கீறாங்க உனக்கு?"

அந்த லாஞ்சியை அவளுக்குச் சொன்னேன். யாரார் போனார்கள் என்பதை முதலில். மரியதாஸ் கடலில். ஓட்டிய தேவசகாயம் நெஞ்சுவலியில், கிரிக்கெட் பார்த்துக்கொண்டே. குப்பனைச் சுனாமி கொண்டுபோனது. எத்திராஜ் சாராயத்தில். ஓனரும் போய்விட்டார். கேட்கிற ஆள் ஒவ்வொருவராகப் போகப் போக நான் நிம்மதியாக இருந்தேன் ஸ்டெல்லா, என்றேன். உன் அம்மா போனபோதும் அதில் ஒரு துளி நிம்மதி இருந்தது. அதுதான் என்னைத் தின்கிறது.

"இன்னா சொல்ற நைனா? எதுக்கு நிம்மதி?"

"அந்த பில்டர மாட்டுனது நான்."

பெட்டிக் கயிறு அவள் கையில் அப்படியே நின்றது. ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ரேடியோவில் ஏதோ விளம்பரம்.

பிறகு கயிற்றை இழுத்து முடிந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். பின்னால் பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்.

திரும்பாமல் கேட்டாள். "ஆறு பேருல நீ கீற. நாலு பேர் செத்துட்டாங்க. இன்னும் யாரு உசுரோட கீறா?"

அவளுக்குத் தெரியும். மச்சானின் பெயரை நான் சொல்ல வேண்டும் என்று கேட்டாள்.

"லூர்து."