உன் குரல் மட்டும் தனியாக

உன் ஹெட்போனின் பஞ்சு உதிர்ந்து இன்று என் சட்டையெல்லாம் கறுப்புத் தூள். தட்டிக்கொண்டே உன்னைத் திட்டினேன். போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு வேலை வைக்கிறாய்.

நம் சபைப் பாடகர் குழுவை நடத்தும் அக்கா போன வாரம் சித்தூரிலிருந்து வந்திருந்தார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் உன் குரலை ஒலிக்கவிட வேண்டுமாம். "அவரு பாடனது மட்டும் தனியா குடுப்பா. உன்னுது வேணாம், சேந்து வந்தா கலங்குது" என்றார். இத்தனை வருடம் உன் பக்கத்தில் நின்று இரண்டாம் குரல் பாடியவனிடம் சொல்கிற பேச்சா இது? வயிறு எரிந்தது. நீ இருந்தபோதும் இப்படித்தான் எரியும்.

திருப்பதியில் நம் ஒலிப்பதிவு அறையில் நடந்த சண்டையெல்லாம் இதற்குத்தான். எல்லாவற்றையும் கலந்து ஒரே எம்பி3 ஆக்கினால் போதும், இடம் மிச்சம் என்பேன். நீ ஒவ்வொரு குரலையும் சுருக்காமல் தனித்தனி வேவ் கோப்பாக வைப்பாய். ஒருமுறை உன் குரலுக்கு முன்னால் கிடந்த வெற்று நேரத்தை வீண் என்று வெட்டிவிட்டேன். அப்புறம் எந்தக் குரலும் எதோடும் பொருந்தவில்லை. "சும்மா கீறதயும் வெட்டாதடா. எல்லாம் ஒண்ணா ஆரம்பிச்சாதான் நாளைக்கி எந்த மிஷின்லயும் சேரும்" என்றாய். கோபப்படாமல் சொன்னாய். அதிலும் எனக்குப் பொறாமை. எப்போதும் என்னை முதலில் பாடவைத்து, அதைக் கேட்டுக்கொண்டு நீ பாடுவாய். என்னை மிஞ்சிக் காட்டத்தான் என்று நினைத்திருந்தேன்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கலந்ததுதான் இருக்கிறது என்று எம்பி3-ஐக் கொடுத்துவிட்டு, தனிக் கோப்புகளை அழித்துவிட நினைத்தேன். அப்புறம் நீ எங்கே ஒலித்தாலும் நானும் கூடவே ஒலிப்பேன் அல்லவா.

அழிக்குமுன் இன்று உன் குரலை மட்டும் ஒருதரம் கேட்டேன். நீ மூச்சு வாங்குகிற இடத்தில் ஏதோ முணுமுணுப்பு. சத்தத்தைக் கூட்டினேன். என் குரல். ஒரு காதைத் திறந்துவிட்டே பாடுவாயே, அந்த ஹெட்போனிலிருந்து கசிந்து உன் மைக்கில் விழுந்திருக்கிறது. ஒரு பாட்டில் இல்லை, எல்லாப் பாட்டிலும். கசிகிற அளவுக்கு என்னைச் சத்தமாக வைத்துக்கொண்டுதான் பாடியிருக்கிறாய்.

எம்பி3 ஆக்கினால் முதலில் காணாமல் போவது இந்த மாதிரி மெல்லிய சத்தம்தான். சாயங்காலம் அக்கா மறுபடி வந்தபோது, உன் வேவ் கோப்புகளை எதையும் வெட்டாமல் அப்படியே கொடுத்துவிட்டேன்.

"அவரு மட்டுந்தானே?" என்று கேட்டார்.

"ஆமாக்கா, அவன் மட்டுந்தான்" என்றேன்.