இரண்டு பத்துக்குச் சொன்ன பொய்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். ஆபரேட்டர் மாமா இன்று காலை ஒன்பதே காலுக்கு இடது கையால் டம்ளரைப் பிடித்து நான்கு மடக்கு தண்ணீர் குடித்தார். வார்டு நர்ஸ் சொன்னார், நானும் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வலது கை அசையவில்லை, பேச்சு வரவில்லை. இதுவரை உறுதியானது இவ்வளவுதான். பக்கவாதம் என்று அத்தை போனில் சொல்லியிருப்பாள், என் மேல் அவளுக்குள்ள கோபத்தையும் சொல்லியிருப்பாள். நடந்ததை நான் எழுதினால்தான் சரியாக இருக்கும்.

டெய்லர் கடையில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தால் சினிமா, கிரிக்கெட், மழை தவிர வேறு பேச்சு கிடையாது என்பது உனக்குத் தெரியும். எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு, அது உனக்குத் தெரியாது. பேச்சோடு பேச்சாக ஆளுக்கு ஒரு பொய்யை நுழைக்க வேண்டும், மற்ற இருவரும் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரே பொய். யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று குறித்து வைப்பது என் வேலை, ரிப்போர்ட்டர் உத்தியோகம் போனாலும் நோட்டு போகவில்லை. இதில் மாமாதான் ராஜா. நாற்பது வருடம் தியேட்டரில் படம் ஓட்டியவர் இல்லையா, ஒரு படத்தின் இடைவேளையை இரண்டு காட்சி முன்னால் தள்ளி வைத்துச் சொல்வார், நாங்கள் நான்கு நாள் முழிப்போம்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. மேட்ச் நின்றுபோய் டிவியில் தார்ப்பாய் மூடிய மைதானத்தையே காட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தார். இரண்டு பத்துக்கு, "மழை விட்டுடுச்சு, தார்ப்பாயை எடுத்துட்டாங்க பாரு" என்றார். டெய்லர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "என்ன அண்ணே, சின்னப் பிள்ளைகூடப் பிடிச்சிடுமே, சரக்கு தீந்துபோச்சா?" என்றான். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டு ஐம்பதுக்கு, நூறு நாள் தன் கையால் ஓட்டிய கலர்ப் படத்தைக் கறுப்பு வெள்ளை என்றார். "ரெண்டாவது பொய், அவுட்டு அவுட்டு!" என்று டெய்லர் விரலைத் தூக்கினான். மாமாவும் சிரிப்பது மாதிரிதான் இருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததை இப்போது நினைத்தால் தெரிகிறது, அப்போது என் கண் நோட்டில் இருந்தது. மூன்றரைக்கு, குடை கொண்டுவந்தேன், எங்கே வைத்தேன் என்று தேடினார். அதையும் எழுதினேன். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார், மேட்ச் இல்லாத சலிப்பு என்று விட்டுவிட்டோம். ஆறு இருபதுக்கு டீ கிளாஸ் அவர் வலது கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனியவில்லை, எங்களையே பார்த்தார். மதியத்திலிருந்து அவர் சொன்னதெல்லாம் விளையாட்டு இல்லை, நோய் என்று அப்போதுதான் புரிந்தது.

தெருவெல்லாம் தண்ணீர், ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது ஆறு ஐம்பத்தைந்து. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார் டாக்டரம்மா. "இப்பத்தான் டாக்டர், ஆறேகால் இருக்கும்" என்றான் டெய்லர். வெட்கத்தில் சொன்னான், கெட்ட எண்ணமில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது, ஆனால் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், தாண்டினால் மூளையில் ரத்தம் கசியலாம் என்றார் அவர். நான் நோட்டை எடுத்துக் காட்டினேன். இரண்டு பத்திலிருந்து கணக்கிட்டால் ஆறு நாற்பதுக்கு நேரம் முடிந்துவிட்டது. ஊசி போடவில்லை.

அன்றிலிருந்து டெய்லர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அத்தை ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். "மணி பாத்து எழுதத் தெரிஞ்ச உங்களுக்கு, அவரைத் தொட்டுப் பாக்கத் தெரியலையா அண்ணே?" உன் அம்மா, நீங்க உண்மையைத்தானே சொன்னீங்க என்று சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டுப் போகிறாள். எனக்குத் தூக்கம் கெட்டிருப்பது வேறு காரணத்தால். அந்த முதல் பொய் விளையாட்டுப் பொய்யாக இருந்தால்? அன்றைய பங்கு ஒன்று அவருக்கு இருந்ததே. அப்படியானால் நோய் இரண்டு ஐம்பதில்தான் ஆரம்பித்திருக்கிறது, ஊசிக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்திருக்கிறது. அவ்வளவு மட்டமான பொய்யை அவர் சொல்ல மாட்டார் என்று ஒரு நேரம் தோன்றுகிறது, எங்களை ஏமாற்றவே மட்டமாகச் சொன்னாரோ என்று மறுநேரம் தோன்றுகிறது. டாக்டரம்மாவிடம் இதையும் சொன்னேன். சந்தேகம் இருந்தால் முந்தின நேரத்தைத்தான் எடுத்துக்கொள்வோம், இந்தச் சந்தேகம் அன்றே தெரிந்திருந்தாலும் ஊசி போட்டிருக்க மாட்டேன் என்றார். எழுதிக்கொண்டேன், மனசு ஆறவில்லை.

அங்கேயும் மழை என்றாய், ஈரத்தலையோடு வேலைக்குப் போகாதே. கூட இருப்பவர் யாராவது சம்பந்தமில்லாமல் பேசினால் சிரிப்பதற்கு முன்னால் முகத்தைப் பார். மாப்பிள்ளைக்கும் சொல். அத்தைக்கு மறக்காமல் போன் செய், எனக்காகப் பரிந்து பேச வேண்டாம், அவள் சொல்வதைக் கேட்டால் போதும். நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மாமாவுக்குப் பேச்சுப் பரிசோதனை. பேர், கிழமை, வெளியே மழை பெய்கிறதா, இவைதான் முதல் கேள்விகளாம். பேச்சு வந்தால் நானும் ஒன்று கேட்க வேண்டும், கேட்பேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

உன் அப்பா